கலயத்தின் வாயும் ஒரு வளையலும்: பென்சிலில் ஸ்டில் லைஃப் பழக்க

முதல் வகுப்புக்கு ஒரு மண் கலயம், குடுமி எடுக்காத தேங்காய், ஒரு பெரிய வெங்காயம் போதும். எவர்சில்வர் பாத்திரம் வேண்டாம். அறையில் உள்ளதெல்லாம் அதில் தெரியும். பிள்ளைகளுக்கு எதை வரைவது என்றே புரியாது.

ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்துக் கலயத்தைச் சற்றுப் பின்னால் வையுங்கள். தேங்காய் அதன் ஓரத்தை மறைக்கட்டும். வெங்காயம் கொஞ்சம் விலகியிருக்கட்டும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரு பக்க ஜன்னலை மட்டும் திறந்தால் நிழல் ஒரே திசையில் விழும்.

அளவெடுக்க ஒரு கண்ணை மூடி, முழங்கை மடங்காமல் கையை நீட்டிப் பென்சிலைப் பிடிக்கச் சொல்லுங்கள். கலயத்தின் உயரத்தில் தேங்காய் எத்தனை பங்கு என்று பார்த்த பிறகே தாளில் கை வைக்க வேண்டும். ஹெச்பி பென்சிலால் மெல்லிய கோடுகள். ஸ்கேல் கூடாது.

பெரும்பாலானோர் தடுமாறுவது கலயத்தின் வாயில்தான். வாய் வட்டம் என்று தெரியும், அதனால் வட்டமாகவே போடுவார்கள். தரை சமம் என்று தெரியும், அதனால் அடிப்பகுதியை நேர்கோடாக இழுத்துவிடுவார்கள். இதை வாயால் விளக்கிப் பயனில்லை. ஒரு வளையலைப் படுக்கை வசமாகக் கண் மட்டத்தில் பிடிக்கச் சொல்லுங்கள்: வெறும் கோடுதான் தெரியும். அப்படியே கீழே இறக்கினால் கோடு விரிந்து நீள்வட்டமாகும். இறக்க இறக்க இன்னும் அகலும். கலயத்தின் வாயைவிட அடிவளைவு ஏன் கூடுதலாகக் குழிகிறது என்பது அப்போது பிடிபட்டுவிடும். நடுவே ஒரு செங்குத்துக் கோடு போட்டு, மறைந்திருக்கும் பின்பக்க வளைவையும் சேர்த்தே வரையட்டும். நீள்வட்டத்தின் இரு முனையும் கூராக இருக்கக் கூடாது. ஒரு வகுப்பு முழுக்க இதற்கே போனாலும் போகட்டும்.

அடுத்து நிழல். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நுணுக்கங்கள் மங்கி, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றுதான் மிஞ்சும். வெளிச்சத்துக்குத் தாளையே விட்டுவிடலாம். நடுத்தரத்துக்கு 2பி, இருட்டுக்கு 4பி. தேங்காயின் நாரை முதலில் வரையத் துடிப்பார்கள். அதைத் தடுங்கள், முதலில் உருண்டை வரட்டும், நார் கடைசியில். இருட்டுப் பக்கத்தின் விளிம்பில் துணியிலிருந்து திரும்பி வரும் மெல்லிய ஒளி இருக்கும். அதையும் கறுப்பாக்கினால் உருண்டை தட்டையாகிவிடும். துணியில் விழும் நிழல், பொருள் தரையைத் தொடும் இடத்தில்தான் மிகக் கறுப்பு. விரலால் தேய்க்க விடாதீர்கள். தோலின் எண்ணெய் பட்டால் கறை விழும், அழித்தாலும் எளிதில் போகாது.

பிழை திருத்தும்போது மாணவரின் படத்தில் நீங்கள் கோடு போடாதீர்கள். அது அவருடைய படம். தாளின் ஓரத்தில் வரைந்து காட்டுங்கள்.

மறு வாரமும் அதே கலயமா என்று அலுத்துக்கொண்டால், இத்தாலியின் பொலோன்யா நகரில் ஜியார்ஜியோ மொராண்டி (1890–1964) சில பாட்டில்களையும் கிண்ணங்களையுமே பல பத்தாண்டுகள் இடம் மாற்றி மாற்றி வரைந்ததைச் சொல்லி, அவருடைய படங்களைக் காட்டுங்கள். பிறகு அதே கலயத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள்; செங்குத்தாக இருந்த நடுக்கோடு இப்போது கலயத்தோடு சாயும், நீள்வட்டத்தை அதற்குக் குறுக்கே புதிதாகப் போட வேண்டியிருக்கும்.