சுவர்க் கடிகாரமும் உடற்கடிகாரமும்

குளுவாங்கில் வாழும் பதினாறு வயது மாணவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். இரவு பத்தரை மணிக்குக் கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படுக்கைக்குச் செல்கிறான். விளக்கு அணைகிறது. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று என்று மணி நகர்கிறது. கூரை விசிறியின் ஓசையைக் கேட்டபடி புரண்டு புரண்டு படுக்கிறான். இரண்டரை மணிக்கு மேல்தான் கண் அயர்கிறது. காலை ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடிக்கிறது. அதைத் தானே அணைத்தது அவனுக்கு நினைவில் இருப்பதில்லை. அம்மா மூன்று முறை அழைக்கிறார். நான்காம் முறை போர்வையை இழுக்கிறார். முதல் பாடவேளையில் அவன் தலை மேசையில் சாய்கிறது. பள்ளியின் தாமத வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் அடிக்கடி இடம்பெறுகிறது. "சோம்பேறி" என்ற சொல் வீட்டிலும் வகுப்பிலும் அவனுக்குப் பழகிப்போய்விட்டது.

பள்ளி விடுமுறையில் அதே மாணவன் வேறோர் ஆளாகத் தெரிகிறான். அதிகாலை மூன்று மணிக்கு உறங்கி, பதினொரு மணிக்கு யாரும் எழுப்பாமலே எழுகிறான். எட்டு மணி நேரம் இடையூறின்றி உறங்கியிருக்கிறான். முகத்தில் களைப்பில்லை, பேச்சில் எரிச்சல் இல்லை. உறங்கத் தெரியாதவனல்லன் அவன். ஊர் உறங்கும் நேரத்தில் உறங்க முடியாதவன்.

இந்த வேறுபாட்டை முதன்முதலில் தெளிவாக எழுதியவர்கள் நியூயார்க் நகரில் எலியட் வைட்ஸ்மன், சார்ல்ஸ் சைஸ்லர் முதலிய ஆய்வாளர்கள். 1981ஆம் ஆண்டு அவர்களின் கட்டுரை வெளிவந்தது. தூக்கம் வரவில்லை என்று வந்த 450 பேரில் 30 பேரிடம் ஒரே விதமான தன்மை காணப்பட்டது. விரும்பிய நேரத்தில் அவர்களால் உறங்க முடியவில்லை. ஆனால், கட்டுப்பாடு இல்லாத நாள்களில் இயல்பான அளவு உறங்கிப் புத்துணர்ச்சியுடன் எழுந்தார்கள். பல ஆண்டுகளாகப் பலவிதச் சிகிச்சைகளை முயன்று தோற்றவர்கள் அவர்கள். மற்றத் தூக்கமின்மை நோயாளிகளைவிட வயதில் இளையவர்கள். குறிப்பிட்ட மனநோய் எதுவும் அவர்களுக்குப் பொதுவாக இருக்கவில்லை. இந்நிலை இன்று தாமத உறக்கக் கட்டக் கோளாறு எனப்படுகிறது. உறக்கம் கெடவில்லை, உறக்கத்தின் நேரம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ பின்னால் தள்ளிப் போயிருக்கிறது என்பதே அப்பெயரின் பொருள்.

நள்ளிரவு தாண்டியும் காணொளி பார்ப்பவர் எல்லாருக்கும் இக்கோளாறு உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. திரையை அணைத்தால் அரைமணி நேரத்தில் உறங்கிவிடுபவருக்கு இருப்பது பழக்கம் மட்டுமே. கோளாறு உள்ளவருக்கோ, திரையை அணைத்து, தேநீரையும் நிறுத்தி, அறையை இருட்டாக்கிய பிறகும் உறக்கம் தன் நேரத்திற்குத்தான் வருகிறது. இரண்டையும் பிரித்தறிய மருத்துவர்கள் ஓர் எளிய கருவியைக் கேட்கிறார்கள்: உறக்க நாட்குறிப்பு. எப்போது படுத்தோம், எப்போது உறங்கியிருப்போம், எப்போது எழுந்தோம் என்பதைக் குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், விடுமுறை நாள்களையும் சேர்த்து எழுதி வர வேண்டும். விடுமுறை நாள்களின் பக்கங்கள்தான் அதிகம் பேசும்.

உடலுக்குள் கடிகாரம் இருக்கிறது என்ற எண்ணம் ஒரு செடியிலிருந்து தொடங்கியது. பள்ளித் திடலின் ஓரத்தில் வளரும் தொட்டாற்சிணுங்கி இரவில் இலைகளை மூடி, பகலில் விரிக்கும். 1729இல் பிரெஞ்சு அறிஞர் ஜான் ஜாக் டி மைரான் அத்தகைய செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே படாதபோதும் அதன் இலைகள் பகல் நேரத்தில் விரிந்தன. சூரியனைக் காணாமலே செடிக்கு நேரம் தெரிந்திருந்தது.

மனிதரிடம் இதைச் சோதிக்கத் தமிழ்நாட்டிலும் ஓர் இடம் இருந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மா.கி. சந்திரசேகரன் உயிரியல் கடிகாரங்களைப் பற்றிய ஆய்வுக் குழுவை வளர்த்தார். அக்குழு குகை வௌவால்களின் நாள் ஒழுங்கை ஆராய்ந்தது. பல்கலைக்கழக வளாகத்தில், வெளியுலக நேரம் தெரியாதபடி மனிதர் தங்குவதற்கென ஓர் இருப்பிடமும் அமைக்கப்பட்டது. அங்கே கடிகாரம் இல்லை. பகல் வெளிச்சம் இல்லை. தன்னார்வலர்கள் தங்களுக்குத் தோன்றியபோது உறங்கி, தோன்றியபோது எழுந்தார்கள். உலகின் பல இடங்களில் நடந்த இத்தகைய சோதனைகள் ஒன்றைக் காட்டின. தனித்து விடப்பட்ட மனித உடலின் நாள், பெரும்பாலோருக்கு, 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது.

அந்தக் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே உள்ளது. அளவில் மிகச் சிறியது. சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்டது. இருள் சூழ்ந்ததும் மெலட்டோனின் என்ற சுரப்பைத் தூண்டி, உறக்கம் நெருங்குவதை உடலுக்கு அறிவிப்பது இதுதான். தினமும் சிறிது பிந்தும் இக்கடிகாரத்தைக் காலை வெளிச்சம் முன்னே இழுத்துச் சரிசெய்கிறது. சிலருக்கு இந்தப் பிந்துதல் அதிகம். 2017இல் மைக்கேல் யங் என்பவரின் ஆய்வகம், பரம்பரையாக இக்கோளாறு கொண்ட ஒரு குடும்பத்தில் சிஆர்ஒய்1 என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தைக் கண்டறிந்தது. அம்மாற்றம் உடற்கடிகாரத்தின் ஓட்டத்தை மெதுவாக்குகிறது. அதே ஆண்டில் யங் வேறு இருவருடன் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார். எல்லாருக்கும் இம்மரபணு மாற்றமே காரணம் என்பதில்லை. பதின்ம வயதில் எல்லாருடைய கடிகாரமும் ஓரளவு பிந்துகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் இக்கோளாறு பெரும்பாலும் இந்த வயதில் வெளிப்படுகிறது.

இனிச் சுவரில் தொங்கும் கடிகாரத்தைப் பார்ப்போம். ஜொகூர் பாரு கிழக்குத் தீர்க்கரேகை ஏறத்தாழ 103.7 பாகையில் உள்ளது. சூரியக் கணக்கின்படி அவ்வூரின் நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 6 மணி 55 நிமிடமே முன்னால் இருக்க வேண்டும். நாட்டின் கடிகாரமோ 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆகவே, ஜொகூரின் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்திற்கும் மேலாக முந்தியிருக்கிறது. நண்பகலில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒரு மணிக்கு. காலையில் அது எழுவது ஏழு மணியை ஒட்டி.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1905இல் மலாயாவின் நேரம் கிரீன்விச்சைவிட 7 மணி நேரம் முன்னால் இருந்தது. சூரியனோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. 1933இல் அது 20 நிமிடமும், 1941இல் மேலும் 10 நிமிடமும் முன்னே நகர்த்தப்பட்டது. 1942இல் ஜப்பானியர் தோக்கியோ நேரத்தைத் திணித்தபோது கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பாய்ந்தது. அந்த ஆண்டுகளில் இங்கே சூரியன் உதித்தது காலை எட்டு மணியளவில்! போர் முடிந்ததும் பழைய நேரம் திரும்பியது. பிறகு, தீபகற்பமும் சபா, சரவாக் மாநிலங்களும் ஒரே நேரத்தைப் பின்பற்றுவதற்காக, 1981 டிசம்பர் 31ஆம் நாள் இரவு பதினொன்றரை மணிக்குக் கடிகாரங்கள் நள்ளிரவுக்கு நகர்த்தப்பட்டன. தாமத உறக்கக் கோளாற்றைப் பற்றிய நியூயார்க் ஆய்வாளர்களின் கட்டுரை வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனாலும், குளுவாங் மாணவனுக்கு இரண்டும் சேர்ந்தே வாய்த்துவிட்டன.

அவன் அலாரம் அடிக்கும் ஐந்தே முக்கால், சூரியக் கணக்கில் ஐந்துகூட ஆகாத நேரம். பள்ளிப் பேருந்துக்காக அவன் சாலையோரத்தில் நிற்கும்போது இன்னும் இருட்டு. கடிகாரத்தைச் சரிசெய்யும் வெளிச்சம் வருவதற்கு முன்பே அவன் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறான்.

தாத்தாவிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். அதற்கு நியாயம் உண்டு. ஜொகூரின் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வேர் ரப்பர் தோட்டங்களில் உள்ளது. அங்கே பொழுது பெரட்டில் தொடங்கியது. விடியுமுன்னே ஆள்கள் திடலில் கூடிப் பெயர் கொடுப்பதுதான் பெரட்டு. பிந்தி வந்தவர் அன்றைய வேலையையே இழக்க நேரிடும். அதிகாலைக் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். எனவே, சீக்கிரம் எழுவது அங்கே சோற்றுக்கான வழியாக இருந்தது. அந்த வாழ்விலிருந்து வந்தவருக்குப் பதினொரு மணிவரை உறங்கும் பேரன் புரியாத புதிர்தான். ஆனால், விரைவிலேயே விளக்கணைந்த லயத்து வீட்டில், உடல் உழைப்பால் களைத்தவர்கள் எட்டு மணிக்கே உறங்கினார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அப்படியும் உறக்கம் வராமல் கூரையைப் பார்த்துக் கிடந்து, மூன்று மணி நேர உறக்கத்தோடு கத்தியை எடுத்தவர் எத்தனை பேரோ! பெரட்டுப் பதிவேட்டில் அதற்குத் தனிக் கட்டம் இருந்திருக்காது.

பிற்பகல் பிரிவு உள்ள இடைநிலைப்பள்ளிகளில் ஒரு விந்தை நிகழக்கூடும். முதலாம், இரண்டாம் படிவங்களில் பிற்பகல் ஒரு மணியளவில் பள்ளிக்கு வரும் மாணவனிடம் எந்தக் குறையும் தெரியாது. காலைப் பிரிவுக்கு மாறியதும் மதிப்பெண் சரிகிறது. 'வயசுக் கோளாறு, தவறான நட்பு' என்று காரணங்கள் தேடப்படுகின்றன. மாறியது பள்ளி மணி மட்டுமே.

பதின்ம வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்கின்றனர் உறக்க மருத்துவர்கள். மூன்று மணி நேரத்தில் எழுபவரின் நினைவாற்றலும் கவனமும் குறைகின்றன. மனச்சோர்வும் எளிதில் பற்றுகிறது. அரைத் தூக்கத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது உயிருக்கே ஆபத்து. சில நாடுகள் பள்ளி நேரத்தையே மாற்றிப் பார்த்தன. அமெரிக்காவின் சியாட்டல் நகரில் 2016இல் உயர்நிலைப்பள்ளிகள் தொடங்கும் நேரம் 7.50இலிருந்து 8.45க்குத் தள்ளப்பட்டது. அதன்பின் மாணவர்கள் சராசரியாக 34 நிமிடம் கூடுதலாக உறங்கியது கண்டறியப்பட்டது. கலிபோர்னியா மாநிலம் 2022 முதல் பெரும்பாலான உயர்நிலைப்பள்ளிகள் எட்டரை மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே இயற்றியது. கோளாறு உள்ளவருக்கு இந்த அரைமணி முழுத் தீர்வாகாது. ஆனால், சுமை குறையும்.

சிகிச்சையும் உண்டு. எனினும், அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உடல் வெப்பநிலை ஒவ்வொரு நாளும் ஒரு நேரத்தில் மிகவும் தாழ்கிறது. அது இயல்பாக விழிக்கும் நேரத்திற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு நிகழ்கிறது. அதற்குப் பின் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே இழுக்கும். அதற்கு முன் பட்டால் இன்னும் பின்னே தள்ளும். பதினொரு மணிக்கு இயல்பாக விழிப்பவரை ஆறு மணிக்கே எழுப்பிப் பளிச்சென்ற விளக்கின்முன் உட்கார வைத்தால் பயன் தலைகீழாகலாம். ஆகவே, இயல்பாக விழிக்கும் நேரத்தில் வெளிச்சத்தைத் தொடங்கி, நாளுக்குச் சிறிது சிறிதாக முன்னகர்த்துகிறார்கள். மாலையில் விளக்குகளை மங்கலாக்கி, சிலருக்குச் சிறிதளவு மெலட்டோனினும் கொடுப்பதுண்டு. அதன் அளவைவிட அதை உண்ணும் நேரம் முக்கியமானது என்பதால் மருத்துவரின் ஆலோசனையின்றி அதைத் தொடக் கூடாது.

1981இல் வேறொரு முறையும் முயலப்பட்டது. பின்னோக்கி இழுக்க முடியாத உறக்கத்தை முன்னோக்கியே ஓடவிட்டார்கள். ஐந்து நோயாளிகள் ஒவ்வொரு நாளும் மூன்று மணி நேரம் பிந்திப் படுத்தார்கள். மூன்று மணிக்கு உறங்கியவர் மறுநாள் காலை ஆறு மணிக்கும், அடுத்த நாள் ஒன்பது மணிக்கும் படுத்து, ஒரு வாரத்தில் கடிகாரத்தைச் சுற்றி வந்து இரவு பதினொரு மணியை அடைந்தார். பலன் கிடைத்தது. ஆனால், ஒரு வாரம் பகலில் உறங்கப் பள்ளியோ அலுவலகமோ இசைவதில்லை. பின்னாளில் மருத்துவர்கள் இம்முறையைத் தயக்கத்துடனே அணுகினர்.

எந்த முறையில் கிடைத்த பலனையும் தக்கவைப்பதுதான் கடினம். குளுவாங் மாணவன் ஒரு மாதம் பாடுபட்டு உறக்க நேரத்தைப் பன்னிரண்டு மணிக்குக் கொண்டுவந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அம்மா காலையில் சன்னல் திரையை விலக்குகிறார். தாத்தா மாலையில் வரவேற்பறை விளக்கைத் தாமே மங்கலாக்குகிறார். நாட்குறிப்பில் ஒழுங்கான வரிகள் தொடர்கின்றன. பிறகு தீபாவளி வருகிறது. உறவினர்கள் கூடுகிறார்கள், முதல் இரவு பலகாரம் சுடும் வேலை, இரண்டாம் இரவு விருந்தினருடன் பேச்சு. மற்றவர்கள் மறுநாளே தேறிவிடுகிறார்கள். பள்ளி திறக்கும் நாளுக்கு முந்திய இரவு, பத்தரை மணிக்குப் படுத்தவன் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பக்கத்து அறையில் அம்மா நாட்குறிப்பைத் திறந்து, புதிய பக்கத்தில் தேதியை எழுதுகிறார்.