உறங்கும்போது உழைக்கும் நெம்புகோல்



சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் மாதம். தேர்வுத் தாள்களைத் திருத்தும் வேலை. இத்தனை நாளில் இத்தனை கட்டு முடிக்க வேண்டும் என்ற கெடு. காலையில் எழுந்தால் இடது காதுக்குள் குத்துவலி; நெற்றிப்பொட்டில் இறுக்கம். இட்லியை மெல்லக்கூடத் தாடை மறுத்தது. காதில்தான் கோளாறு என்று எண்ணிக் காது மருத்துவரிடம் சென்றேன். அவர் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, “காது நன்றாக இருக்கிறது. பல் டாக்டரைப் பாருங்கள்” என்றார்.

வீட்டில் இதைச் சொன்னதும் என் மனைவி சிரித்தாள். “ராத்திரியில் நீங்கள் பல்லை நறநறவென்று கடிக்கிறீர்கள். எலிதான் பெட்டியைச் சுரண்டுகிறது என்று இரண்டு நாள் விளக்கைப் போட்டுத் தேடினேன்” என்றாள். என் தாயாரோ, “வயிற்றில் பூச்சி இருக்கும்ப்பா. பூச்சி மருந்து சாப்பிடு” என்றார்.

பல் மருத்துவர் என் கையில் ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். என் கோரைப்பற்களின் கூர்முனைகள் அரத்தால் தேய்த்தாற்போல் மழுங்கிப் போயிருந்தன. “தேய்ந்தது திரும்ப வளராது. மிச்சத்தைக் காப்பாற்றலாம்” என்றார் அவர்.

நெம்புகோலைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் சொல்பவன் நான். என் வாயிலேயே ஒரு நெம்புகோல் இரவெல்லாம் வேலை செய்ததை அறியாமல் இருந்திருக்கிறேன்! உறக்கத்தில் பல்லைக் கடிக்கும் இந்த நிலைக்கு மருத்துவ நூல்களில் ‘புருக்சிசம்’ என்று பெயர். பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் இது மிகுதி. உங்களில் சிலருக்கும் இது இருக்கலாம். அல்லது உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ இருக்கலாம். ஆகவே இதனைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

வாய்க்குள் ஓர் இடுக்கி

பாக்குவெட்டியையும் இடுக்கியையும் நினைத்துப் பாருங்கள். பாக்குவெட்டியில் பாக்கு நடுவில் இருக்கும். கை விசை கோடியில் இருக்கும். இடுக்கியில் இது தலைகீழ். கை விசை நடுவில். பிடிக்கப்படும் பொருள் கோடியில். இதுவே மூன்றாம் வகை நெம்புகோல். நம் கீழ்த்தாடையும் ஏறத்தாழ இந்த வகைதான். காதுக்குச் சற்று முன்னால் உள்ள தாடை மூட்டு இதன் ஆதாரப்புள்ளி. கன்னத்திலுள்ள ‘மாசெட்டர்’ தசையும், நெற்றிப்பொட்டில் விசிறிபோல் விரிந்துள்ள ‘டெம்போராலிஸ்’ தசையும் தாடையை மேலே இழுக்கும் முக்கியத் தசைகள். பற்களுக்கிடையே அகப்படும் பொருளே பளு.

கொட்டைப்பாக்கை யாரும் முன்பல்லால் உடைப்பதில்லை. கடைவாய்க்குத் தள்ளியே உடைக்கிறார்கள். ஏன்? ஒரு கணக்குப் போடுவோம். எளிமைக்காகத் தசைகள் எல்லாம் சேர்ந்து மூட்டிலிருந்து 4 செ.மீ. தொலைவில் 600 நியூட்டன் விசையுடன் மேலே இழுக்கின்றன எனக் கொள்வோம். கடைவாய்ப்பல் மூட்டிலிருந்து 6 செ.மீ. தொலைவிலும், முன்பல் 10 செ.மீ. தொலைவிலும் இருக்கட்டும். திருப்புத்திறன்கள் சமம் என்ற விதிப்படி,

கடைவாய்ப்பல்லில் விசை = 600 × 4 ÷ 6 = 400 நியூட்டன்
முன்பல்லில் விசை = 600 × 4 ÷ 10 = 240 நியூட்டன்

கடைவாயில் விசை மிகுவதைக் காண்கிறீர்கள். ஆனால் கணக்கு இத்துடன் முடியவில்லை. தசைகள் தந்த விசை 600 நியூட்டன். கடைவாயில் கடிக்கும்போது பல்லுக்குக் கிடைத்தது 400. மீதி 200 நியூட்டன் எங்கே போயிற்று? அது தாடை மூட்டின்மேல் அழுத்துகிறது. முன்பல்லால் கடிக்கும்போதோ மூட்டின்மேல் விழுவது 600 – 240 = 360 நியூட்டன்! பேனா மூடியையும் நகத்தையும் முன்பல்லால் கடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பல்லுக்குக் குறைவாகவும் மூட்டுக்கு அதிகமாகவும் சுமை ஏற்றும் பழக்கம் அது.

எனக்குக் காது வலித்த காரணமும் இப்போது விளங்குகிறதல்லவா? வலித்தது காது அன்று. அதற்கு அண்டைவீடான தாடை மூட்டு. மூட்டில் கீழ்த்தாடையின் உருண்டை முனைக்கும் மண்டையோட்டுக்கும் இடையே நார்த்திசுவாலான மெல்லிய தட்டு ஒன்று மெத்தைபோல் இருக்கிறது. ஓயாத சுமையால் மூட்டும் அதைச் சூழ்ந்த தசைகளும் நொந்துபோகின்றன.

சோற்றில் கல் அகப்பட்டால்

சாப்பிடும்போது சோற்றில் ஒரு கல் அகப்பட்டால் என்ன ஆகிறது? நாம் யோசிப்பதற்கு முன்பே தாடை திறந்துகொள்கிறது. பல் எலும்பில் நேரடியாக ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. நுண்ணிய நார்களால் குழிக்குள் தொங்கவிடப்பட்டிருக்கிறது. அந்த நார்களிடையே உள்ள நரம்பு முனைகள் அளவுக்கு மீறிய விசையை உடனே உணர்ந்து செய்தி அனுப்புகின்றன. இது பகல்நேரக் காவல்.

உறக்கத்தில் இந்தக் காவல் தளர்கிறது. பகலில் முயன்று கடிக்கும் உச்ச விசையையும் மிஞ்சிய விசை சிலரது உறக்கத்தில் அளக்கப்பட்டிருக்கிறது. 1986-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் பல் மருத்துவ ஆய்வாளர்கள் ஒருவரது கடிவிசையை அளந்தார்கள். ஏறத்தாழ 2 விநாடி நேரம் அவர் கடித்த விசை 443 கிலோகிராம் எடைக்குச் சமம். சாதாரண மனிதரைப் போல் ஆறு மடங்கு! அவர் பல் கடிக்கும் பழக்கம் உள்ளவர். பளு தூக்குபவரின் புயம்போல அவருடைய தாடைத் தசைகளும் பயிற்சியால் வலுவடைந்திருந்தன.

இனி அழுத்தத்தைப் பார்ப்போம். 400 நியூட்டன் விசை 8 சதுர மி.மீ. பரப்பில் மட்டும் விழுவதாகக் கொண்டால், அழுத்தம் சதுர மி.மீ.க்கு 50 நியூட்டன். வளிமண்டல அழுத்தம் சதுர மி.மீ.க்கு ஏறத்தாழ 0.1 நியூட்டன்தான். அதாவது 500 வளிமண்டல அழுத்தம்! மெல்லும்போது உணவு நடுவில் இருக்கும். இரவில் எதுவும் இல்லை. பல்லோடு பல் நேராக உரசுகிறது.

பல்லின் மேல்பூச்சான எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் அது மிகத் தடித்த இடத்திலும் ஏறத்தாழ 2.5 மி.மீ. தான். அதை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. ஒடிந்த எலும்பு கூடும். கிழிந்த தோல் வளரும். தேய்ந்த எனாமல் மட்டும் திரும்ப வளராது. அதன் அடியிலுள்ள டென்டின் மென்மையானது. அது வெளிப்பட்டால் குளிர்ந்த நீர் பட்டாலே பல் கூசும்.

காரணம் என்ன?

வயிற்றுப் பூச்சிதான் காரணம் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. பூச்சி இருந்தால் மருந்து உண்ண வேண்டியதே. ஆனால் பல் கடிப்பதற்கு அதுவே காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை. பற்களின் வரிசை சரியில்லாததே காரணம் என்று பல் மருத்துவர்களே ஒரு காலத்தில் கருதினார்கள். இன்று அக்கருத்து பெரிதும் கைவிடப்பட்டுள்ளது.

உறங்குபவர்களின் மூளை அலைகளையும், இதயத் துடிப்பையும், தாடைத் தசைகளின் மின் துடிப்புகளையும் ஒருங்கே பதிவு செய்து, மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஓர் ஒழுங்கைக் கண்டார்கள். நாம் இரவெல்லாம் ஒரே ஆழத்தில் உறங்குவதில்லை. சில விநாடிகளே நீடிக்கும் சிறு விழிப்புகள் இடையிடையே வருகின்றன. காலையில் அவை நினைவில் இருப்பதில்லை. அப்போது மூளை அலைகள் வேகமடைகின்றன. இதயம் சற்று விரைந்து துடிக்கிறது. அதன் பின்னரே தாடைத் தசைகள், விநாடிக்கு ஒரு முறை போல, மெல்லுவதுபோன்ற தாளத்தில் இயங்குகின்றன. பல் கடிக்காதவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோரிடம் இந்த மெல்லசைவு உண்டு. கடிப்பவர்களிடம் அது அடிக்கடியும் வலுவாகவும் நிகழ்கிறது.

ஆகவே இது பல்லில் தொடங்குவதன்று; உறங்கும் மூளையில் தொடங்குவது. மனக்கவலை, தேர்வு அச்சம், மாலைக்குப் பின் குடிக்கும் காப்பி, புகை, மது, சில மருந்துகள், உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் ஆகியவை இதை மிகுவிக்கலாம். ஒரே குடும்பத்தில் பலருக்கு இருப்பதும் உண்டு. இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. பல்லைக் கடிப்பவர் வேண்டுமென்று கடிக்கவில்லை. விடுதியிலோ வீட்டிலோ ஒருவர் இப்படிக் கடித்தால் அவரைக் கேலி செய்வதில் பொருளில்லை. “இனிக் கடிக்கமாட்டேன்” என்று அவர் சபதம் எடுத்தும் பயனில்லை. உறங்குபவருக்கு ஏது சபதம்?

என்ன செய்யலாம்?

இரவை நம்மால் நேரடியாக ஆள முடியாது. ஆனால் பல்லைக் காக்கலாம், பகலைத் திருத்தலாம்.

முதலாவது, பல்லுறை. பல் மருத்துவர் நம் பல்வரிசையை அச்செடுத்து, இரவில் அணிய அக்ரிலிக்கினால் ஓர் உறை செய்து தருவார். இது பல் கடிப்பதை நிறுத்திவிடும் என்று சொல்வதற்கில்லை. அதன் வேலை இரண்டு. விசையைப் பல பற்களின்மேல் பரப்புகிறது. பரப்பு பத்து மடங்கானால் அழுத்தம் பத்தில் ஒன்றாகிறது. மேலும் அக்ரிலிக் எனாமலைவிட மென்மையானது. ஆகவே பல்லுக்குப் பதிலாக உறை தேய்கிறது. உறையை மாற்றலாம், பல்லை மாற்ற முடியுமா? இதை வெந்நீரில் கழுவக் கூடாது, வடிவம் மாறிவிடும். வளரும் வயதில் தாடையும் பற்களும் மாறிக்கொண்டிருப்பதால், உறை தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். சிறுவர்களில் பலருக்கு இப்பழக்கம் வயது ஏற ஏறத் தானாகவே குறைகிறது.

இரண்டாவது, பகல் பழக்கம். ‘பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன்’ என்று நாம் சொல்வது வெறும் பேச்சன்று. கடினமான கணக்கைப் போடும்போது உங்கள் பற்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். தாடை ஓய்வாக இருக்கையில் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே 2 முதல் 4 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். உண்பதையும் விழுங்குவதையும் சேர்த்தாலும், பற்கள் ஒரு நாளில் மொத்தம் 20 நிமிடம்கூடத் தொட்டுக்கொள்வதில்லை என்பது ஆய்வாளர் மதிப்பீடு. ‘ன்’ என்று உச்சரித்து, அப்படியே நிறுத்துங்கள். நா நுனி மேலண்ணத்தில் இருக்கிறது; பற்கள் விலகியிருக்கின்றன. இனி உதடுகளை மூடுங்கள். இதுவே தாடையின் ஓய்வு நிலை. மேசைமேல் ‘ன்’ என்று எழுதிய சிறு தாளை ஒட்டி வைத்தேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் தாடையைத் தளர்த்தினேன்.

மூன்றாவது, வலி உள்ள நாட்களில் தாடைக்கு ஓய்வு. கரும்பு, முறுக்கு, சீடை, மெல்லும் மிட்டாய் ஆகியவற்றைத் தள்ளி வைத்து, மென்மையான உணவை உண்ணுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பொறுக்கும் சூட்டில் கன்னத்தில் 10 அல்லது 15 நிமிடம் வைத்தால் தசை இளகும். முகவாயைக் கையில் தாங்கிக்கொண்டு படிக்காதீர்கள். தலையின் பாரம் தாடை மூட்டில் இறங்கும்.

நான்காவது, உறக்கம். தேர்வு வந்துவிட்டது என்று நள்ளிரவு வரை காப்பி குடித்து விழித்திருந்தால், உறக்கம் துண்டு துண்டாகும். சிறு விழிப்புகள் பெருகும். ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுவது நல்லது.

வாய் மூன்று விரல் அகலம் திறக்காவிட்டாலோ, தாடை பூட்டிக்கொண்டாலோ, பல் ஆடினாலோ, வலி வாரக்கணக்கில் நீடித்தாலோ மருத்துவரிடம் செல்லத் தயங்கக் கூடாது. குறட்டையுடன் மூச்சு நின்று நின்று வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வலி மாத்திரைகளை நாமாகவே விழுங்கிக்கொண்டிருப்பது தவறு.

என் வலி ஒன்றரை மாதத்தில் அடங்கியது. தாள் திருத்தும் காலம் வந்தால் இன்றும் என் பல்லுறையில் புதிய கீறல்கள் விழுகின்றன. ஆனால் அவை உறையில் விழுகின்றன, பல்லில் அன்று.

செய்து பாருங்கள்

1. இரு கைவிரல்களையும் நெற்றிப்பொட்டுகளில் வைத்துப் பல்லை மெல்லக் கடித்துத் தளர்த்துங்கள். விரலடியில் புடைப்பது டெம்போராலிஸ். கன்னத்தில் வைத்துச் செய்தால் மாசெட்டர்.

2. காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். மூட்டின் உருண்டை முனை சுழல்வதோடு முன்னோக்கி வழுக்குவதையும் உணரலாம்.

3. கனத்த புத்தகம் ஒன்றைக் கையை நீட்டி அசையாமல் பிடியுங்கள். எத்தனை நிமிடத்தில் கை வலிக்கிறது? புத்தகம் நகரவேயில்லை; இயற்பியல் கணக்கில் நீங்கள் செய்த வேலை சுழி. இருந்தும் ஏன் வலித்தது? பல்லை இறுக்கிக்கொண்டே இருப்பவரின் தாடை வலியோடு இதை ஒப்பிட்டுச் சிந்தியுங்கள்.

4. மேற்கண்ட கணக்கில் கடைவாய்ப்பல் மூட்டிலிருந்து 5 செ.மீ. தொலைவில் இருந்தால் பல்லிலும் மூட்டிலும் விழும் விசைகள் யாவை? (விடை: 480 நியூட்டன், 120 நியூட்டன்.)