புதுச்செடி என்று சொல்லுமுன்

அன்புள்ள கண்ணு,

கொல்லிமலையில் செல்போனில் எடுத்த படத்தை அனுப்பி, "எந்தப் புத்தகத்திலும் இல்லை சார், புதுச்செடிதானே? என்ன பெயர் வைக்கலாம்?" என்று கேட்டிருக்கிறாய். எந்தப் புத்தகங்களைப் பார்த்தாய்? கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலைப் புரட்டினாயா? நம் சேலம், நாமக்கல் பக்கத்துச் செடிகளையும் சேர்த்து மேத்யூ பாதிரியார் 1980-களில் வெளியிட்ட கர்நாடிக் தாவர நூலைப் பார்த்தாயா? இரண்டையும் பார்க்காமல் 'புதிது' என்ற சொல்லை எடுக்காதே.

கண்ணில் பட்டதுமே கண்டுபிடித்தாயிற்று என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு எரிச்சல் மூட்டுவது அதுதான். ஒரு செடி புதிய இனமாவது ஹெர்பேரியம் என்னும் உலர்செடித் தொகுப்பகத்து மேசையில்.

நம் சேர்வராயன் மலையின் பெயரைத் தாங்கிய வெர்னோனியா செவராயென்சிஸை எடுத்துக்கொள். கேம்பிள் வர்ணித்தது; எனக்கு மிகப் பிடித்த செடி. சூரியகாந்திக் குடும்பம். அதில் நீ பூ என்று பறிப்பது பல சிறுபூக்கள் கூடிய கொத்து. அதைப் பிரித்து லென்ஸில் பார்க்க வேண்டும்: அடிச்செதில்கள் எத்தனை வரிசை, நுனி கூரா மழுங்கலா, விதைபோன்ற காயின்மேல் எத்தனை வரி, இலையடியில் ரோமம் எப்படி. பிறகு அதன் உறவுச் செடிகள் ஒவ்வொன்றிலும் இதே கேள்விகள். வேறுபாடு பல செடிகளில் மாறாமல் நின்றால்தான் தனி இனம். ஒரே செடியில் கண்டால் அது வறட்சியின் வேலையாகவும் இருக்கலாம். பின்னாளில் ஆய்வாளர்கள் இந்த வெர்னோனியாவை மோனோசிஸ் பேரினத்துக்கு மாற்றினார்கள். ஆனாலும் செவராயென்சிஸ் என்ற சொல் போகவில்லை; கேம்பிளின் பெயரும் அடைப்புக்குறிக்குள் கூடவே போகிறது. வகைப்பாடு மாறும். ஒழுங்காக எழுதிய வர்ணனை நிற்கும். இதை மட்டும் மறக்காதே.

படம் போதாது. வனத்துறை அனுமதி வாங்கி, பூவும் காயுமாக ஒரு கிளையை எடுத்துச் செய்தித்தாளில் அழுத்திக் காயவை. இடம், உயரம், தேதியோடு பூவின் நிறத்தையும் அன்றைக்கே சீட்டில் எழுது. காய்ந்தால் நிறம் போய்விடும். புதிய இனமென்றால் அந்த மாதிரி பொது ஹெர்பேரியத்தில் இருக்க வேண்டும், வர்ணனை முறையாக வெளியாக வேண்டும். வர்ணனை இலத்தீனில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் 2012-ல் போயிற்று, ஆங்கிலமும் செல்லும். இதற்கெல்லாம் காலம் பிடிக்கும். ஆஸ்திரேலியாவின் வொல்லமி பைனை, அவ்வளவு பெரிய மரத்தை, 1994-ல் கண்டார்கள்; அறிவியல் பெயர் 1995-ல்தான் வந்தது.

உன் படத்தில் காயே இல்லை. காய் முற்றும் மாதத்தில் மறுபடி போ. மாதிரியோடு திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்துக்கு வா. அங்கே உள்ள தாள்களோடு ஒப்பிட்டுவிட்டு, பெயரைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்