பட்டனைப் பார்த்து ஏமாறாதீர்கள்: முதல் மோட்டார்ஹோம் வாங்குவோருக்கு டயர் பற்றிச் சில அறிவுரைகள்

பிரிட்டனில் உள்ள நம் பிள்ளைகள் மோட்டார்ஹோம் வாங்கப் போகும்போது, ‘நீங்களும் கூட வந்து பாருங்கள்’ என்று என்னை அழைப்பதுண்டு. கட்டில் எத்தனை, குளியலறை எப்படி, கூரையில் சோலார் உண்டா என்று எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருப்பார்கள். டயர் எப்படி என்று கேட்டால், தரையைத் தொடும் வரிகளைச் சொல்லி, ‘பட்டன் நல்லா இருக்கு அங்கிள்’ என்பார்கள். அந்தப் பதில் போதாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கார் டயர் ஓடித் தேயும். மோட்டார்ஹோம் வருடத்தில் சில வாரங்கள் ஓடி, மீதி நாளெல்லாம் வாசலில் நிற்கும் வண்டி. பட்டன் தேயுமுன்பே அதன் ரப்பருக்கு வயதாகிவிடும். நிற்கும்போதும் சுமை இறங்குவதில்லை. கட்டில், அலமாரி, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் எந்நேரமும் அதே நான்கு டயர்கள் மேல்தான். சரக்கு வேன் பாதி நாள் காலியாக ஓடும். மோட்டார்ஹோம் ஒருநாளும் காலியாக ஓடாது. ஆகவே இந்த வண்டிக்கு முதலில் பார்க்க வேண்டியவை சுமையும் வயதும். பட்டன் அதற்குப் பிறகு.

1. டயர் கடைக்குப் போகுமுன் எடைமேடைக்குப் போங்கள்.
தண்ணீர், கேஸ் சிலிண்டர், சைக்கிள், சமையல் சாமான், பிள்ளைகள் என்று பயணத்துக்குப் போகும் அதே நிலையில் வண்டியை ஏற்றுங்கள். மொத்த எடை, முன் அச்சு, பின் அச்சு என மூன்று எடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியில் பதித்திருக்கும் தகட்டில் இந்த மூன்றுக்கும் வரம்பு இருக்கும். ஐரோப்பிய மோட்டார்ஹோம்கள் பலவற்றுக்கு மொத்த வரம்பு 3,500 கிலோ.

மொத்தம் வரம்புக்குள் இருந்தும் பின் அச்சு மட்டும் மீறியிருப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பின்சக்கரத்துக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் வைக்கும் சுமை, நெம்புகோல் போல வேலை செய்து முன் அச்சைச் சற்றே தூக்கிவிடும். அதனால் தன் எடையைவிட அதிகமான பாரத்தை அது பின் அச்சில் ஏற்றும். இரண்டு மின் சைக்கிளைப் பின்னால் மாட்டுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

2. டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்தைப் படிக்கப் பழகுங்கள்.
ஃபியட் டுகாட்டோ அடிச்சட்டத்தில் கட்டிய வண்டிகளில் ‘225/75 ஆர் 16 சி.பி. 116 க்யூ’ என்பது போல ஒரு வரி இருக்கும். 225 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 75 என்பது அந்த அகலத்தில் உயரம் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. ஆர் என்றால் ரேடியல், 16 என்பது அங்குலத்தில் ரிம் அளவு. க்யூ என்ற வேக எழுத்துக்கு மணிக்கு 160 கிலோமீட்டர் உச்சம்.

இவற்றுள் உங்கள் உயிர் தொங்குவது 116-இல். அதுதான் சுமை எண். 109 என்றால் ஒரு டயர் 1,030 கிலோ தாங்கும். 112 என்றால் 1,120. 116 என்றால் 1,250. 118 என்றால் 1,320. பின் அச்சின் வரம்பு 2,000 கிலோ என்றால் ஒரு டயருக்கு 1,000. அங்கே 109 போட்டால் கையிருப்பு வெறும் 30 கிலோ. தண்ணீர்த் தொட்டி ஒரு பக்கமாக இருந்தால் அந்தப் பக்கத்து டயரில் அதுவும் மிஞ்சாது. 112 போட்டால் 120 கிலோ கையிருப்பு. வண்டிக்குக் குறித்த எண்ணுக்குக் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள், மேலே போகலாம். 118/116 என்று இரண்டு எண் இருந்தால் முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது இரட்டைச் சக்கரத்துக்கு.

3. வண்டிக்கு சி.பி. டயர் குறித்திருந்தால் சி.பி. டயரே போடுங்கள்.
அளவுக்குப் பின்னால் வெறும் சி இருந்தால் சரக்கு வேன் டயர். சி.பி. இருந்தால் மோட்டார்ஹோமுக்கென்றே செய்தது. நாள்கணக்கில் முழுச் சுமையோடு நிற்பதையும், கூடுதல் காற்றழுத்தத்தையும் தாங்கும்படி அதன் உடலைக் கட்டியிருப்பார்கள். மிஷலின் கிராஸ்கிளைமேட் கேம்பிங், கான்டினென்டல் வான்கான்டாக்ட் கேம்பர் போன்றவை இந்த வகை. இரட்டைப் பின்சக்கரம் உள்ள பெரிய வண்டிகளுக்குக் கணக்கு வேறு. அங்கே வண்டிக் கையேடு சொல்வதே சட்டம். ‘இதுவும் அதே அளவுதான், விலையும் குறைவு’ என்று கடைக்காரர் சாதாரணக் கார் டயரைக் காட்டினால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

4. டயரின் பிறந்த தேதியைக் கேளுங்கள்.
பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம்தான் அது. 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அந்த டயர் 2000-க்கு முன் பிறந்தது. அதன் மேல் ஒரு மைல்கூடப் போகாதீர்கள்.

வயது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்வேன். 2012 செப்டம்பரில், வைட் தீவில் நடந்த பெஸ்டிவல் இசை விழாவுக்குப் போய்த் திரும்பிய இளைஞர்களோடு ஒரு பேருந்து சர்ரே மாவட்டத்தில் ஹைன்ட்ஹெட் அருகே ஏ3 சாலையில் விபத்துக்குள்ளானது. முன் டயர் வெடித்திருந்தது. மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது 19-க்கும் மேல். பட்டன் சட்டப்படி சரியாகவே இருந்தது. அதில் 18 வயது மகன் மைக்கேலை இழந்த ஃபிரான்சிஸ் மொல்லோய் என்ற தாய் பல வருடங்கள் விடாமல் போராடினார். 2021 பிப்ரவரி 1 முதல், பேருந்துகளிலும் கனரக லாரிகளிலும் முன் அச்சில் 10 வயதைத் தாண்டிய டயர் கூடாது என்று பிரிட்டனில் சட்டம் வந்தது.

நம் மோட்டார்ஹோம் அந்தச் சட்டத்துக்குள் வராது. ஆகவே நாமே நமக்குச் சட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். ஐந்து வயதுக்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டச் சொல்கிறது மிஷலின். எப்படி இருந்தாலும் பத்தாவது வயதில் மாற்றிவிடு என்கிறது. குடும்பத்தோடு போகும் வண்டிக்கு ஏழு போதும் என்பது என் கட்சி. புது டயர் வாங்கும்போதும் தேதியைக் கேளுங்கள். கிடங்கில் இரண்டு மூன்று வருடம் கிடந்ததை உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள்.

5. பழைய வண்டி வாங்கும்போது தரையில் படுத்துப் பாருங்கள்.
ஓர் இளம் தம்பதியோடு வண்டி பார்க்கப் போயிருந்தேன். டயர்கள் நாலு பேர் மெச்சும்படி கறுப்பாக மினுங்கின. பட்டன் ஆழமாக இருந்தது. வெளிப்பக்கத்தில் முழு எண் இல்லை. அது பல டயர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். கைபேசியை அடியில் நீட்டி உட்பக்கத்தைப் படம் எடுத்தோம். கடைசி நான்கு இலக்கம் 1109. வண்டி எந்த வருடம் வந்ததோ அதே டயர். பட்டன் வரிகளுக்கு நடுவே விரல் நகத்தை வைத்து விரித்தபோது, காய்ந்த வயல் வெடிப்பு போலக் கோடுகள் தெரிந்தன. மினுமினுப்பு பாலிஷ் கொடுத்தது. நான்கு புது டயர், புது வால்வு, பொருத்தும் கூலி எல்லாம் விற்பவர் செலவு என்று எழுதி வாங்கிய பிறகே முன்பணம் கொடுக்கச் சொன்னேன்.

நீங்களும் உட்பக்கச் சுவரைப் பாருங்கள். வெடிப்பு, புடைப்பு, நடைபாதை விளிம்பில் உரசிய வெட்டு இருந்தால் அந்த டயர் கணக்கில் இல்லை. பட்டன் ஆழம் நடு முக்கால் பகுதி முழுதும் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் வேண்டும் என்கிறது சட்டம். மழை நாட்டில் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுவது நல்லது.

6. காற்று பிடிப்பதை அடுத்தவர் கணக்குக்கு விடாதீர்கள்.
டயரைக் கொல்வது சூடு. காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிரும், சூடேறும், நெடுஞ்சாலையில் வெடிக்கும். சி.பி. டயருக்குப் பின் அச்சில் 5.5 பார், அதாவது 80 பி.எஸ்.ஐ., என்பது ஐரோப்பியத் தரம் சொல்வது. அதையே முன் டயருக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்காதீர்கள். தேவைக்கு மேல் காற்று இருந்தால் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். ஈரச் சாலையில் பிடிப்பு குறையும். எடைமேடையில் குறித்த அச்சு எடைகளை டயர் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். உங்கள் எடைக்கு எவ்வளவு காற்று என்று சொல்வார்கள். அந்த எண்ணை ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே எழுதி ஒட்டிவையுங்கள். வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். சொந்த அளவுமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

7. வால்வையும் மாற்றச் சொல்லுங்கள்.
பலரும் மறக்கும் சின்னப் பொருள் இது. காருக்குப் போடும் சாதாரண ரப்பர் வால்வு சுமார் 65 பி.எஸ்.ஐ. வரைதான் தாங்கும். 80 பிடிக்கும் டயரில் அதை மாட்டினால் ஆயிரம் கிலோ சுமை அந்த ரப்பர்த் துண்டை நம்பி ஓடுகிறது என்று பொருள். உயர் அழுத்த வால்வு, முடிந்தால் உலோக வால்வு கேட்டு வாங்குங்கள். பில்லில் அது தனி வரியாக இருக்கட்டும்.

8. நீங்கள் போகும் ஊருக்கு ஏற்ற டயர் எடுங்கள்.
பெரும்பாலான டுகாட்டோ வண்டிகள் முன்சக்கரத்தால் இழுபடுபவை. மழையில் ஊறிய புல்வெளி முகாமில் கோடைகால டயர் சுற்றிச் சுற்றிக் குழி பறிக்கும். நான்கு பருவ டயர் அங்கே நன்றாக உதவும். மூன்று முகட்டு மலைக்குள் பனித்துகள் உள்ள சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெர்மனியில் பனிக்காலச் சாலையில் ஓட்ட அந்தச் சின்னம் வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல், சேறு, பனி என்று பொருள்படும் எம்+எஸ் முத்திரை மட்டும் இருந்தால் அங்கே செல்லாது. ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை பனிச்சாலைக்குப் பனிக்கால டயர் கட்டாயம்; பட்டன் 4 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பிரான்சின் மலைப் பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அப்படிப்பட்ட டயரோ சங்கிலியோ வேண்டும். கோடையில் மட்டும் போகிறவர் டயரோடு வரும் சீட்டில் ஈரப் பிடிப்புக்குக் கொடுத்த எழுத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். ஏ மிகச் சிறந்தது.

9. அரைகுறைச் சிக்கனம் வேண்டாம்.
ஒரே அச்சில் இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே வகை, ஒத்த வயது. இரண்டு மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின் அச்சில் போடுங்கள். வளைவில் பின்பக்கம் வழுக்கினால் இந்த உயரமான வண்டியை நிறுத்துவது கடினம். பிறர் ஓட்டிக் கழித்த டயரை விற்பது பிரிட்டனில் சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் அது எந்தச் சுமையில், எவ்வளவு காற்றில் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. மோட்டார்ஹோமுக்கு அது கூடவே கூடாது. புது டயர் பூட்டிய பிறகு 50 கிலோமீட்டர் ஓட்டி, நட்டுகளை டார்க் ஸ்பேனரால் மறுபடி சரிபாருங்கள்.

10. ஸ்டெப்னி உண்டா என்று வாங்கும் அன்றே கேளுங்கள்.
பல வண்டிகளில் பசைக் குப்பியும் சின்ன கம்ப்ரசரும் மட்டும்தான் கொடுக்கிறார்கள். பக்கச்சுவர் கிழிந்தால் அது உதவாது. இடம் இருந்தால் ஸ்டெப்னி வையுங்கள். அதற்கும் வயதாகும், அதையும் பாருங்கள்.

11. நிற்கும் மாதங்களிலும் கவனியுங்கள்.
பனிக்காலம் முழுதும் நிறுத்துவதாக இருந்தால் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யுங்கள். வெயில் படும் பக்கத்து டயருக்கு உறை போடுங்கள். மாதம் ஒருமுறை வண்டியை அரைச் சுற்று நகர்த்துங்கள், ஒரே இடம் அழுந்தாமல் இருக்கும். எண்ணெய் கலந்த பாலிஷ் பூசாதீர்கள். அது ரப்பரைக் கெடுக்கும்.

பணம் போதாதபோது எதை ஒத்திப்போடுவது என்று பிள்ளைகள் கேட்பார்கள். டிவி, வெய்யில் பந்தல், சோலார் எல்லாம் அடுத்த வருடம் வரலாம். டயர் இந்த வருடமே வேண்டும். இன்று மாலை ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு போய் நான்கு டயரின் தேதியையும் சுமை எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளும் எடைச் சீட்டும் கையில் இருந்தால் எந்தக் கடையிலும் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது.