துப்பாக்கிப் பராமரிப்புப் பெட்டி: வாங்கலாமா, வேண்டாமா?

லாபம் விற்பனையில் இல்லை, கொள்முதலில்தான் இருக்கிறது என்பது நம் தொழிலில் பழைய பாடம். சரக்கு வாங்கும்போது அதை மறக்காத நாம், கடைக்கும் வீட்டுக்கும் கருவி வாங்கும்போது மறந்துவிடுகிறோம். பெட்டி பளபளப்பாக இருந்தால் போதும், உள்ளே எத்தனை சாமான் நமக்கு உதவும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அண்மையில் எங்கள் மண்டியில் நடந்த ஒரு கொள்முதல் பேச்சை இங்கே பாடமாக வைக்கிறோம்.

நம் உறுப்பினர்களில் சிலரிடம் லைசென்ஸ் துப்பாக்கி உண்டு. வசூல் பணத்தை மூட்டையாகக் கட்டி இரவில் வீட்டுக்குக் கொண்டுபோன காலத்தில் வாங்கியது, அல்லது தோப்புக் காவலுக்கு வாங்கியது. எங்களிடம் இருப்பது 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி. எங்கள் தம்பி மகன் கையடக்கமான ஒரு பராமரிப்புக் கருவிப் பெட்டியைப் பார்வைக்கு வாங்கி வந்தான். விலை ரூ. 4,600. “பெரியப்பா, இதுல 46 சாமான் இருக்கு. ஒரு சாமான் நூறு ரூபாய்தான் ஆகுது. வெச்சுக்கலாமா, திருப்பிடலாமா?” என்று கேட்டான். கணக்குச் சரிதான். ஆனால் கணக்குப் போட வேண்டிய இடம் அதுவல்ல.

முதல் கேள்வி: நமக்கு உதவுவது எத்தனை?

பெட்டியை மேசையில் கொட்டி, சரக்குச் சிட்டை எழுதுவதுபோல் எழுதினோம். திருப்புளி முனைகள் 22. ஊசி அடித்து எடுக்கும் சிறு உளிகள் 6. குட்டிச் சுத்தியல் 1. திருகை இத்தனை அழுத்தம்தான் என்று அளந்து முடுக்கும் கருவி 1. குழலுக்குள் விடும் பிரஷ்கள் 8. ஒன்றோடொன்று முடுக்கிச் சேர்க்கும் கம்பித் துண்டுகள் 4. துணி மாட்டும் முனைகள் 2. பல் துலக்கும் பிரஷ் போன்றவை 2. ஆக 46.

எட்டு பிரஷ்களும் பல அளவுக் குழல்களுக்கு. நமக்கு வேண்டியது 12 போர் அளவு மட்டும். 12 போர் என்பதே ஓர் எடைக் கணக்குத்தான். அந்தக் குழலின் உள்விட்டத்துக்குச் சரியான ஈயக்குண்டு 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம். உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். 0.32 ரிவால்வருக்கான பிரஷ் இதற்குள் போனால் சுவரையே தொடாது. .315 ரைபிள் பிரஷும் அப்படித்தான். எட்டில் நமக்குப் பொருந்தியவை இரண்டு: ஒன்று வெண்கலக் கம்பி பிரஷ், ஒன்று கம்பளிப் பஞ்சு பிரஷ்.

அழுத்தம் அளக்கும் கருவி தூரநோக்கி பொருத்திய ரைபிளுக்கு உரியது. தூரநோக்கியைப் பிடிக்கும் திருகுகளை அளவோடு முடுக்க அது வேண்டும். நம் துப்பாக்கியில் தூரநோக்கி கிடையாது. கடைசியில் தேறியவை கம்பித் துண்டு 4, பிரஷ் 2, துணி முனை 1, பல் பிரஷ் 1. மொத்தம் 8. ரூ. 4,600ஐ எட்டால் வகுத்தால் ஒன்று ரூ. 575 ஆகிறது. நூறு ரூபாய்ச் சாமான் என்ற கணக்கு அங்கேயே உடைந்தது. இந்த எட்டையும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் தனித்தனியாக விசாரித்தோம். ரூ. 1,100க்குள் முடிந்தது.

இரண்டாம் கேள்வி: அந்த வேலை நம்முடையதா?

மீதிச் சாமான் சும்மா கிடந்தால் நஷ்டம் பணத்தோடு போகும். கையில் இருப்பதாலேயே அதை எடுத்து உபயோகித்தால்தான் வினை. இதை நாங்கள் பட்டு அறிந்திருக்கிறோம். பல வருஷங்களுக்கு முன் துப்பாக்கியின் ஒரு பக்க விசை இறுக்கமாக இருந்தது. எங்கள் மைத்துனர், “ஒரு திருகுதானே மாமா” என்று ரேடியோ ரிப்பேர் திருப்புளியால் பக்கத் தகட்டைக் கழற்றப் பார்த்தார். துப்பாக்கித் திருகின் வெட்டு மிகவும் ஒடுக்கமானது. சாதாரணத் திருப்புளியின் முனை ஆப்புப்போல் சரிந்திருக்கும், வெட்டில் அடிவரை இறங்காது. திருகின் தலை சிதைந்தது, தகட்டில் கீறலும் விழுந்தது. விசை சரியாகவில்லை. பிறகு உரிமம் பெற்ற தொழிலாளியிடம் போனபோது, எண்ணெய் காய்ந்து பிசினாகிவிட்டதுதான் கோளாறு என்றார். துடைத்து எடுக்கக் கொடுத்த கூலியைவிட, நாங்கள் கெடுத்த திருகுக்குக் கொடுத்ததே அதிகம்.

அது கூலியோடு போனது எங்கள் நல்ல காலம். விசைப் பகுதியைத் தெரியாத கை பிரித்து மாட்டினால், துப்பாக்கி தானாக வெடிக்கும் நிலைக்கு வந்துவிடும். அங்கே நஷ்டம் ஒரு உயிர்.

சட்டமும் இதையே சொல்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் மாற்றி அமைக்கவும் தனி உரிமம் வேண்டும். நம்மிடம் இருப்பது வைத்துக்கொள்ளும் லைசென்ஸ்தான். துடைப்பதும் எண்ணெய் இடுவதும் நம் வேலை. பிரிப்பதும் ராவுவதும் உரிமம் உள்ள தொழிலாளியின் வேலை. பெட்டியிலுள்ள உளியும் சுத்தியலும் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவை.

பழுது பார்க்கக் கொடுத்தனுப்பும்போது ஒரு எச்சரிக்கை. கடைப் பையன் கையில் வெறுமனே கொடுத்து அனுப்பக் கூடாது. லைசென்ஸ்தாரர் கூட இருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். இதுவும் அந்தச் சட்டத்தில் உள்ளதே.

மூன்றாம் கேள்வி: பெட்டி இல்லாததாலா துரு பிடித்தது?

தம்பி மகன் பெட்டி வாங்க நினைத்ததற்குக் காரணம் உண்டு. தேர்தல் சமயத்தில் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க எடுத்தபோது, குழலின் வெளிப்புறம் புள்ளிபுள்ளியாகத் துரு ஏறியிருந்தது. கருவி இல்லாததால் வந்த துருவல்ல அது. ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் தோல் உறைக்குள் போட்டு, கிடங்கில் உப்பு மூட்டை அடுக்கிய சுவரோரம் வைத்திருந்தோம். உப்பு ஈரம் இழுக்கும் என்பது மளிகைக்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தோலும் ஈரத்தைப் பிடித்து இரும்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும். உறை கொண்டு போக மட்டுமே, உள்ளே போட்டு வைக்க அல்ல. இடத்தை மாற்றாமல் எந்தப் பெட்டி வாங்கியிருந்தாலும் அடுத்த மழைக்கு அதே துருதான்.

துடைக்கும் முறை

1. தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டப்பட்டிருக்கட்டும். துப்பாக்கியை மடித்துத் திறந்து, இரண்டு குழலும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். “காலியாகத்தான் வைத்தேன்” என்ற ஞாபகத்தை நம்பாதீர்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

2. குழலைத் தனியே எடுத்து, தோட்டா போடும் பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாகக் கம்பியைச் செலுத்துங்கள். முதலில் கழுவு திரவம் நனைத்த துணி, அடுத்து வெண்கல பிரஷ், பிறகு உலர்ந்த துணி. துணி வெள்ளையாக வரும்வரை மாற்றுங்கள்.

3. கடைசியாக மெல்லிய பூச்சாகத் துப்பாக்கி எண்ணெய். அதிகம் விட்டால் வழிந்து மரக்கட்டையில் ஊறி அதை மெதுவாக்கிவிடும். கடையில் மலிவாக இருக்கிறதே என்று சமையல் எண்ணெய் எதையும் தொடாதீர்கள். அது நாளடைவில் கெட்டுப் பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும்.

4. கை பட்ட இடமெல்லாம் எண்ணெய்த் துணியால் துடையுங்கள். வேர்வையிலும் உப்பு இருக்கிறது.

5. இந்த வேலையைக் கடைக்குள் செய்யாதீர்கள். கழுவு திரவத்தின் வாடையைத் தேயிலையும் மாவும் இழுத்துக்கொள்ளும். தீயருகிலும் கூடாது.

6. உலர்ந்த அலமாரியில் பூட்டி, சாவியை உங்களிடமே வையுங்கள். துப்பாக்கி வெடிக்கப்படாவிட்டாலும் மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை எடுத்துத் துடையுங்கள்.

முடிவு

உரிமம் பெற்ற பழுது பார்க்கும் கடைக்காரருக்கும், தூரநோக்கி ரைபிள் வைத்துப் போட்டிகளில் சுடுகிறவருக்கும் இந்தப் பெட்டி விலைக்குத் தகுதியானதாக இருக்கலாம். ஒரே ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கியை அலமாரியில் வைத்திருக்கும் வணிகருக்கு வேண்டாம். நாங்கள் பெட்டியைத் திருப்பிவிட்டு, எட்டுச் சாமானையும் ஒரு புட்டி எண்ணெயையும் வாங்கினோம். தம்பி மகன் நாள்காட்டியில் மாதத்தின் முதல் ஞாயிறுகளில் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறான்.

துப்பாக்கி இல்லாத உறுப்பினர்களுக்கும் இந்தப் பாடம் உண்டு. எலெக்ட்ரானிக் தராசுக்கென்று திருப்புளிப் பெட்டி வாங்கும் முன் இதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தட்டைத் துடைப்பதும் மட்டம் பார்ப்பதும் நம் வேலை. முத்திரையை உடைத்து உள்ளே கை வைப்பது நம் வேலை இல்லை. தராசு பழுது பார்க்கவும் 2009ஆம் ஆண்டு எடையளவுச் சட்டப்படி உரிமம் வேண்டும். நாம் ஒரு திருகைத் தொட்டதற்காக, நாற்பது வருஷ நாணயத்தின் மேல் வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வரலாமா?

வாங்கும் முன் எண்ணுங்கள். நமக்கு உதவுவது எத்தனை, நம் கைக்கு உரியது எது, உண்மையான கோளாறு எங்கே என்று பார்த்தபின் பணத்தை எடுங்கள்.