நான்கு எண்களும் ஒரு தேயிலையும்: ‘பில்டர்’ பாணி

பிரிஞ்சாங் அருகே சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குச் சென்ற மாணவர்கள் தேயிலை ஆலையைப் பார்த்திருப்பீர்கள். கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்க விட்டு (வேதியியல்படி இது ஆக்சிஜனேற்றம்), பிறகு உலர்த்துகிறார்கள்.

இவ்விவரங்களைப் பதிய, ‘தேயிலை’ என்றொரு வகுப்பை நிரலில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே:

தேயிலை(16, 30, 90, 100)

வாட்டல் 16 மணி நேரம், உருட்டல் 30 நிமிடம், நொதித்தல் 90 நிமிடம், உலர்த்தல் 100 பாகை செல்சியஸ். எழுதியவருக்கு இது தெரியும். வேறொருவர் 30ஐயும் 90ஐயும் இடம் மாற்றிவிட்டால்? எல்லாமே முழு எண்கள் என்பதால் கம்பைலர் வாய் திறக்காது. நிரல் ஓடும், பதிவு மட்டும் பொய்யாக இருக்கும்.

இதற்கு ஒரு தீர்வு பில்டர். காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசிடஸ் ஆகிய நால்வர் 1994இல் வெளியிட்ட நூலில் விளக்கிய பாணிகளுள் இதுவும் ஒன்று. இன்று பலரும் எழுதும் எளிய வடிவம் இது:

தேயிலைபில்டர்()
.வாட்டல்(16)
.உருட்டல்(30)
.நொதித்தல்(90)
.உலர்த்தல்(100)
.உருவாக்கு()

ஒவ்வொரு செயற்கூறும் தன் எண்ணைப் பில்டரில் சேமித்து, அதே பில்டரைத் திருப்பித் தருகிறது. அதனால்தான் அடுத்த புள்ளியை வைக்க முடிகிறது. தேயிலைப் பொருள் பிறப்பது கடைசி வரியில்தான். சோதனையையும் அங்கேயே வைக்கலாம்: உலர்த்தல் விடுபட்டிருந்தால் பிழை காட்டி நிறுத்திவிடும்.

ஆலையில் வாட்டாத கொழுந்தை உருட்டினால் நொறுங்கிவிடும். அங்கே வரிசை முக்கியம். பில்டரில் நடு வரிகளை எப்படி மாற்றி எழுதினாலும் விளைவு ஒன்றே.

இரண்டே விவரம் உள்ள வகுப்புக்கு இது வீண் வேலை. பைத்தானில் எண்ணோடு பெயரையும் சேர்த்தே அனுப்பலாம் என்பதால் தேவை இன்னும் குறைவு. அந்த வசதி இல்லாத ஜாவாவில்தான் பில்டர் அதிகம் உதவுகிறது.

பயிற்சி: வாட்டல் நேரம் 0 என்று வந்தால் மறுக்கும்படி உருவாக்கு() செயற்கூற்றை எழுதுங்கள்.