இணையவழி இலவசக் கருவிகளால் புகைப்படம் திருத்துதல்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்

மாணவர்களே, 1833 ஆம் ஆண்டின் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தங்களை வரலாற்றுப் பாடத்தில் கற்றிருப்பீர்கள். அந்தக் கமரனின் மனைவி ஜூலியா மார்கரெட் கமரன் உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஆவார். 1875 இல் கணவருடன் இலங்கையில் குடியேறிய அவர், 1879 இல் டிக்கோயாவில் காலமானார். அவரது கல்லறை பொகவந்தலாவையிலுள்ள தேவாலய வளவில் இருக்கின்றது.

அவர் இங்கு எடுத்த படமொன்றின் தலைப்பு, 'களுத்துறை நாட்டுப்புற மக்கள் குழு' எனப் பொருள்படும். படத்தில் முகங்கள் உள்ளன; தலைப்பிலோ ஒருவரது பெயரும் இல்லை. இன்று கைத்தொலைபேசியால் நம் மக்களை நாமே படம் எடுக்கின்றோம். ஆகவே படத்தை அழகாக்கக் கற்பதுடன், அதிலுள்ள உண்மையையும் விவரத்தையும் காக்கவும் கற்றல் வேண்டும்.

1. கருவிகள்

இணையவழிக் கருவிகளை நிறுவ வேண்டியதில்லை, உலாவியிலேயே இயக்கலாம். 'ஃபோட்டோபீ' இதற்கு நல்ல உதாரணம். இக்கருவியில் திறக்கும் படம் சேவையகத்துக்கு அனுப்பப்படாமல் நமது கணினியிலேயே திருத்தப்படுகின்றது. எனவே பக்கம் முழுமையாகத் திறந்த பின்னர் மெதுவான இணைய இணைப்பு பெருந்தடையாக இராது. இணைப்பே இல்லாத கணினி அறையில் 'கிம்ப்' எனும் திறந்த மூல மென்பொருளை நிறுவிப் பயன்படுத்தலாம்.

இணையச் சேவைகள் நிலையானவை அல்ல. பலரும் விரும்பிப் பயன்படுத்திய 'பிக்னிக்' எனும் கருவியை 2010 இல் கூகுள் வாங்கியது. 2012 இல் அது மூடப்பட்டது. ஆகையால் உங்கள் வேலையை எப்போதும் உங்கள் கணினியிலும் சேமித்து வையுங்கள்.

2. திருத்தும் படிமுறை

ஹற்றன் பகுதியில் பனிமூட்டமான காலையில் எடுத்த தேயிலை மலைப் படம் ஒன்றைக் கருதுக. மூட்டம் காரணமாகப் படம் சாம்பல் பூத்தது போல் தோன்றும். இதனைப் பின்வருமாறு திருத்தலாம்.

(அ) மூலப் படத்தைப் பிரதி செய்து, பிரதியை மட்டும் திறக்கவும்.
(ஆ) தேவையற்ற ஓரங்களைக் கத்தரிக்கவும்.
(இ) வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் சிறிது சிறிதாகக் கூட்டவும். மாறுபாடு என்பது இருண்ட, வெளிச்சமான பகுதிகளுக்கு இடையிலான வேறுபாடாகும்.
(ஈ) நீலச் சாயல் இருப்பின் நிறச் சமநிலையைச் சரிசெய்யவும்.
(உ) எழுத்துகளைத் தனி அடுக்கில் இடவும். அப்போது படத்தைத் தொடாமலே எழுத்தை மாற்றலாம்.
(ஊ) அகல, உயர விகிதம் மாறாமல் அளவைக் குறைக்கவும்.

3. கோப்பு வகைகள்

ஜேபெக்: இழப்புள்ள சுருக்கம். கோப்பு சிறிதாகும், புகைப்படங்களுக்கு ஏற்றது. திருத்தித் திருத்தி மீண்டும் சேமித்தால் தரம் குறையும்.
பிஎன்ஜி: இழப்பற்ற சுருக்கம். பின்னணியை ஒளிபுகத்தக்கதாக வைக்கலாம், சின்னங்களுக்கு ஏற்றது.
ஜிஃப்: ஒரு சட்டகத்துக்கு 256 நிறங்கள் வரை. எளிய அசைவூட்டங்களுக்கு ஏற்றது.
பிஎஸ்டி: அடுக்குகளைக் காக்கும். வேலை முடியும் வரை இவ்வகையில் சேமிக்கவும்.

4. எது திருத்தம், எது திரிபு?

லயன் வீட்டின் ஒழுகும் கூரையை ஒரு மாணவி தனது செயற்றிட்டத்துக்காகப் படம் எடுக்கிறாள் எனக் கொள்வோம். இருட்டாக உள்ள படத்தை வெளிச்சமாக்கினால், இருப்பது நன்கு தெரியும். இது திருத்தம். ஒழுகும் பகுதியைக் கத்தரித்து நீக்கினால், வீடு நன்றாக இருக்கிறது எனப் பார்ப்பவர் எண்ணுவார். கூரையில் இல்லாத ஓட்டையைப் பிரதியிடும் கருவியால் வரைந்தால், அது பொய். இவ்விரண்டும் திரிபு.

ஓட்டையைச் சேர்ப்பது அந்தக் குடும்பத்துக்கு நன்மை செய்யும் எனச் சிலர் நினைக்கலாம். ஆனால் ஒரு பொய் வெளிப்பட்டால், மழையில் உண்மையாகவே நனையும் அடுத்த வீட்டின் படத்தையும் எவரும் நம்பார். உண்மையான முறைப்பாட்டின் வலிமை, மாற்றப்படாத மூலப் படத்திலேயே உள்ளது. அதனை அழிக்காதீர்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் இடம், திகதி, எடுத்தவர் பெயர், செய்த திருத்தம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். படத்திலுள்ளவர் சம்மதித்தால் அவரது பெயரையும் எழுதுங்கள்.

5. சட்டமும் பாதுகாப்பும்

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்புக்கான பாதுகாப்பு பொதுவாகப் படைப்பாளியின் ஆயுட்காலமும் அதன் பின் 70 ஆண்டுகளுமாகும். 1879 இல் காலமான கமரனின் படங்களுக்கு அக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அவற்றை வகுப்பில் தாராளமாகப் பயன்படுத்தலாம். தேடுபொறியில் கிடைக்கும் எல்லாப் படங்களும் அவ்வாறானவை அல்ல.

பல இணையக் கருவிகள் படத்தைத் தமது சேவையகத்துக்கு எடுத்துக்கொள்கின்றன. எனவே நண்பர்களின் முகப்படங்களையும் அடையாள அட்டைப் படங்களையும் அத்தகைய கருவிகளில் ஏற்றாதீர்கள்.

மாதிரி வினா

3000 × 2000 படப்புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில், ஒரு படப்புள்ளிக்கு 24 பிற்றுகள் பயன்படுகின்றன.
(i) சுருக்கப்படாத நிலையில் அதன் அளவு எத்தனை பைற்று?
(ii) விகிதம் மாறாமல் அகலத்தை 1200 ஆகக் குறைத்தால் உயரம் யாது?
(iii) அப்போது அளவு எத்தனை பைற்று?
(iv) மூலப் படத்தைப் பேணுவதற்கான காரணங்கள் இரண்டு தருக.

விடைகள்

(i) 24 பிற்று = 3 பைற்று. 3000 × 2000 × 3 = 18,000,000 பைற்று.
(ii) 1200 × 2000 ÷ 3000 = 800 படப்புள்ளிகள்.
(iii) 1200 × 800 × 3 = 2,880,000 பைற்று.
(iv) தரம் இழக்காமல் மீண்டும் திருத்தத் தொடங்கலாம். படம் உண்மையானது எனக் காட்டச் சான்றாக அமையும்.

செயற்பாடு: உங்கள் தோட்டத்தில் மூத்தவர் ஒருவரின் அனுமதியுடன் அவரைப் படம் எடுத்து, வெளிச்சத்தை மட்டும் திருத்துங்கள். படத்தின் கீழ் அவரது பெயரை, அவர் சொல்லும் விதமாகவே எழுதி அவரிடம் காட்டுங்கள்.